இறுக்கினால் நிற்குமா எண்ணெய்க் கசிவு?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மோட்டார் சைக்கிள் என்ஜின் கவர் போல்ட்டை இறுக்குவது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அதுக்கு எதுக்குப்பா இருபது நிமிஷம்? வலப்பக்கம் சுத்தினா இறுகும், இடப்பக்கம் சுத்தினா கழலும், அவ்வளவுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 'அவ்வளவுதானே' தான் எத்தனையோ பேர் பர்சைக் காலி செய்கிறது.

நான் அலுமினிய வார்ப்புத் தொழிலில் இருப்பவன். உடைந்து வரும் கவர்களை மேஜை மேல் வைத்து, எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. சாலையில் விழுந்து உடைந்தவை உண்டு. வார்ப்பிலேயே குறை உள்ளவை உண்டு. அவற்றோடு, கசிவை நிறுத்துகிறேன் என்று இறுக்கி இறுக்கியே உடைத்தவையும் வருகின்றன. வண்டியை வைத்து வீடு வீடாகப் பொருள் கொண்டு போய்க் கொடுக்கிற ஒருவருக்கு, கவர் உடைந்தால் புதுக் கவர் செலவு ஒரு பக்கம், வண்டி நிற்கிற நாட்களின் வருமானம் இன்னொரு பக்கம். உடையாமல் கசிந்து கொண்டே இருந்தாலோ, வழிகிற எண்ணெய் பின் டயருக்குப் போகும். மழை நாளில் அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போல்ட் ஒரு ஸ்பிரிங்

நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டி ஒன்றை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் வலப்பக்கம் கிளச் கவர். இடப்பக்கம், நம்ம மெக்கானிக்குகள் 'மேக்னட் கவர்' என்று சொல்கிற மூடி. இரண்டும் அச்சில் அழுத்தி வார்த்த அலுமினியக் கலவை. கவருக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு காகிதக் கேஸ்கெட். பட்டறையில் 'பேக்கிங்' என்போம். சுற்றிலும் எம்-6 போல்ட்டுகள். அதாவது 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி. பெரும்பாலும் 8 மி.மீ. ஸ்பேனர் போடுகிற தலை.

போல்ட்டை ஆணி மாதிரி நினைக்கிறோம். அது தவறு. இறுக்கும்போது போல்ட் நீளுகிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுவைதான் கவரை என்ஜினோடு சேர்த்துப் பிடிக்கிறது. ஆகவே போல்ட் என்பது ரொம்ப விறைப்பான ஒரு ஸ்பிரிங்.

இந்த வகை போல்ட்டுக்குத் தயாரிப்பாளர் கையேடுகள் சொல்கிற அளவு பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். (உங்கள் வண்டிக்கு உங்கள் கையேடு சொல்வதே சரி.) 10 நியூட்டன் மீட்டரில் எவ்வளவு இழுவை வரும்? நாம் படித்த சூத்திரம்தான்: திருப்புவிசை = கெழு x விட்டம் x இழுவை. உலர்ந்த மரைக்குக் கெழு சுமார் 0.2. போட்டுப் பார்த்தால் இழுவை 8,300 நியூட்டன் வருகிறது. கிட்டத்தட்ட 850 கிலோ எடை! சுண்டு விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு போல்ட் முக்கால் டன்னுக்கு மேல் பிடித்துக் கொண்டிருக்கிறது. 8.8 தரப் போல்ட் நிரந்தரமாக நீண்டு போகிற எல்லை சுமார் 12,900 நியூட்டன். ஆக, 10 நியூட்டன் மீட்டர் என்பது தாராளமான பிடி. 'கொஞ்சம் கூடப் போடு' என்பதற்கு அங்கே அவ்வளவாக இடம் இல்லை.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். பிடிமானத்துக்குள் 40 மி.மீ. நீளம் உள்ள போல்ட் இந்த இழுவையில் எவ்வளவு நீளும்? சுமார் 0.08 மி.மீ. நம் தலைமுடி ஒன்றின் தடிமன். கவர் படிந்து, தலை உட்கார்ந்த பிறகு நாம் செய்கிற வேலை எல்லாம் ஒரு முடி அளவுக்குத்தான்.

கைக்குத் தெரிவதும் தெரியாததும்

ஸ்பேனரில் நாம் கொடுக்கிற பலம் எங்கே போகிறது? பத்து பங்கில் ஐந்து பங்கு போல்ட் தலைக்கு அடியில் உராய்வுக்குப் போகிறது. நாலு பங்கு மரைக்குள் உராய்வுக்குப் போகிறது. மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. இது தோராயம்தான். ஆனாலும் நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒன்பது பங்கு உராய்வு. அந்த உராய்வு கொஞ்சம் மாறினால், இந்த ஒரு பங்கு தலைகீழாய் மாறிவிடும்.

மரையில் எண்ணெய் இருந்தால் கெழு 0.15-க்கு இறங்கலாம். அதே 10 நியூட்டன் மீட்டரில் இழுவை 11,000 நியூட்டனைத் தாண்டும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மரையில் மண்ணும் துருவும் இருந்தால் இதற்கு எதிர்மாறு. ஸ்பேனர் கனமாக இருக்கும், கை 'டைட் ஆயிடுச்சு' என்று சொல்லும், ஆனால் கவரைப் பிடிக்கிற இழுவை பாதிகூட இருக்காது. கைக்குத் தெரிவது திருப்புகிற விசை மட்டும்தான். இழுவை கைக்குத் தெரியாது. டார்க் ரெஞ்ச்சுக்கும் தெரியாது. அதனால்தான் ரெஞ்ச் வாங்குவதற்கு முன்னால் மரையைச் சுத்தம் செய்யக் கற்றுக் கொள்ளுங்கள் என்கிறேன். கையேட்டில் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால் தடவுங்கள். சொல்லாத இடத்தில் சுத்தமாய், உலர்ந்ததாய்ப் போடுங்கள்.

இதில் நம் மெக்கானிக் அண்ணன்மார்களைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். முப்பது வருஷம் ஒரே 8 மி.மீ. ரிங் ஸ்பேனரைப் பிடித்த கை, தானே ஒரு டார்க் ரெஞ்ச் ஆகிவிடுகிறது. 12 செ.மீ. நீள ஸ்பேனரில் 10 நியூட்டன் மீட்டருக்கு சுமார் 8 கிலோ பலம் வேண்டும். அந்தக் கை அதைப் பழகி வைத்திருக்கிறது. அதே கைக்கு 25 செ.மீ. கைப்பிடி உள்ள ராட்செட்டைக் கொடுத்தால்? அங்கே 4 கிலோவே போதும். பழைய பழக்கத்தில் 8 கிலோ கொடுத்தால் 20 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். மரை போகும், அல்லது போல்ட் முறியும். கை மாறவில்லை, கருவிதான் மாறியது.

இறுக்கம் கூடினால் கசிவும் கூடும்

இனி விஷயத்துக்கு வருகிறேன். கவரை ஒரு கடினமான பலகை என்று நினைக்கிறோம். அது அப்படி இல்லை. அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். போல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால், துளையைச் சுற்றியுள்ள விளிம்பு கீழே அமுங்கும். இரண்டு போல்ட்டுக்கு நடுவில் உள்ள விளிம்பு மேலே வளையும். போல்ட்டுக்கு அடியில் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும். நடுவில் பேக்கிங் மேல் அழுத்தமே இருக்காது. எண்ணெய் அங்கேதான் வெளியே வரும். கசிவைப் பார்த்ததும் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்துப் போல்ட்டை இன்னும் ஒரு முறுக்கு முறுக்குகிறோம். நடு விளிம்பு இன்னும் கொஞ்சம் தூக்கும். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

இதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று இருக்கிறது. 1955-ல் இங்கிலாந்தின் ரெடிச் நகரக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டை வைத்திருந்த பெரியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அதன் பிரைமரி செயின் கேஸ் வெளி மூடியை நினைவுபடுத்திப் பாருங்கள். அவ்வளவு பெரிய மூடிக்கு நடுவில் ஒரே ஒரு நட்டு! விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். ஓரத்தில் எண்ணெய் சொட்டினால் நடு நட்டை இறுக்குவார்கள். நடுவை இறுக்க இறுக்க மூடி கிண்ணம் மாதிரி குழியும், ஓரத்தில் ரப்பர் மேல் அழுத்தம் ஒரே சீராக இருக்காது. ரப்பரை மாற்றி, மூடியின் விளிம்பைச் சரிபார்த்து, நட்டை அளவாய் இறுக்கினவர்களுக்கு அதே வண்டி சொட்டாமல் ஓடியது.

ஆகவே கசிவைக் கண்டதும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதலில் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா? இரண்டு, கிராங்க் கேஸின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா? அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். எந்தப் பேக்கிங்கும் தாங்காது. மூன்று, கசிவு உண்மையிலேயே எங்கிருந்து வருகிறது? ஓடுகிற வண்டியில் எண்ணெய் காற்றில் பரவி, மேலே கசிந்தது கீழே சொட்டும். என்ஜினைக் கழுவித் துடைத்து, உலர வைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரை அந்த ஓரத்தில் தூவி, கொஞ்ச நேரம் ஓட விடுங்கள. பவுடர் எங்கே முதலில் ஈரமாகிறதோ அதுதான் இடம். கியர் ஷாஃப்ட் அல்லது கிக்கர் ஷாஃப்ட் ஆயில் சீலில் இருந்து வருகிற எண்ணெய்க்குக் கவர் போல்ட் என்ன செய்யும், பாவம்!

என் மேஜைக்கு வரும் மூன்று வகை

உடைந்த கவர்களிலும் என்ஜின் உடல்களிலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்று வகை.

முதல் வகை, போல்ட் இறங்கும் துளையின் அடிப்பகுதி பிளந்தது. இந்தத் துளைகளில் பல அடி மூடியவை. அதற்குள் எண்ணெய் தேங்கி நிற்கும்போது போல்ட்டை இறக்கினால் எண்ணெய்க்குப் போக வழி இல்லை. எண்ணெய் சுருங்காது, அலுமினியம்தான் பிளக்கும். நீளம் கூடுதலான போல்ட்டைத் தவறான துளையில் போட்டாலும் இதே கதி. நுனி அடியில் முட்டும். ஸ்பேனர் கனக்கும், ரெஞ்ச்கூட 'கிளிக்' என்று சொல்லும். ஆனால் கவர் மேல் பிடியே இருக்காது.

இரண்டாவது வகை, போல்ட் உட்காரும் காது விரிந்தது அல்லது உடைந்தது. கவர் முழுக்கப் படியாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். டாவல் பின் சாய்ந்திருக்கும், அல்லது உள்ளே ஏதாவது பல் சரியாகச் சேர்ந்திருக்காது, அல்லது பழைய பேக்கிங் துணுக்கு ஒட்டியிருக்கும். 'போல்ட்டை இறுக்கினா தானா உக்காரும்' என்று ஒரு பக்கத்தை இறுக்கியிருப்பார்கள். இந்த வார்ப்பு அலுமினியம் தகரம் மாதிரி வளைந்து கொடுக்காது. கொஞ்சம் வளையும், பிறகு சொல்லாமல் உடையும். கவர் கையால் அழுத்தினாலே, அல்லது ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டினாலே படிய வேண்டும். படியவில்லை என்றால் கழற்றிப் பாருங்கள். கவரை இழுத்து உட்கார வைப்பது போல்ட்டின் வேலை இல்லை.

மூன்றாவது வகை, மரை உரிந்தது. நீளம் குறைந்த போல்ட் போட்டிருப்பார்கள். நாலு மரைதான் பிடித்திருக்கும். அலுமினியத்துக்குள் எஃகு போல்ட் என்றால் விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆழம் மரை பிடிக்க வேண்டும். எம்-6-க்கு 9 முதல் 12 மி.மீ. உரிந்த மரையைச் சரிசெய்ய 'ஹெலிகாயில்' என்கிற கம்பிச்சுருள் மரை இருக்கிறது. முறையாகப் போட்டால் நல்ல பிடி கொடுக்கும். உரிந்த துளையில் பெரிய போல்ட்டை அடித்து இறக்குவது, ஊசி போகிற இடத்தில் உலக்கையை விடுகிற வேலை.

போடும் முறை

தம்பிகளே, தங்கைகளே, நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.

1. என்ஜின் ஆறி இருக்க வேண்டும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. சூட்டில் இறுக்கினால், ஆறும்போது கவர் அதிகம் சுருங்கும், போல்ட் அவ்வளவு சுருங்காது. முடியளவு நீட்சியில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

2. கழற்றும்போதே ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். செப்பு வாஷர் உள்ள போல்ட், வயர் கிளிப் பிடிக்கிற போல்ட் எது என்பதெல்லாம் அப்போதுதான் மாறாது. கழற்றும்போதும் ஒரே பக்கமாய்ப் போகாமல், எதிரெதிராக, எல்லாவற்றையும் கால் சுற்று தளர்த்திவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.

3. பழைய பேக்கிங்கை ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அதுவே எண்ணெய்க்கு வாய்க்கால். பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டி போதும். சுரண்டும்போது என்ஜின் வாயைத் துணியால் மூடுங்கள்.

4. கவரின் விளிம்பைத் தட்டையான கனத்த கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். முன்பு யாரோ இறுக்கியதில் துளையைச் சுற்றி மேடு எழும்பியிருந்தால், எண்ணெய்க்கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள்.

5. துளைகளில் தேங்கிய எண்ணெயைத் துணித்திரியால் உறிஞ்சி எடுங்கள். காற்று அடிப்பதானால் கண்ணாடி அணியுங்கள். மரைகளைத் துடைத்து, ஒவ்வொரு போல்ட்டும் விரலாலேயே முழுக்க இறங்குகிறதா பாருங்கள்.

6. டாவல் பின்கள் தம் இடத்தில் இருக்கின்றனவா? புதுப் பேக்கிங் போடுங்கள். காகிதப் பேக்கிங் போடுகிற இடத்தில், கையேடு சொல்லாமல் பசையை அப்பாதீர்கள். உள்ளே பிதுங்குகிற பசை உதிர்ந்து, எண்ணெய் போகிற வழியை அடைத்தால் என்ஜினே போய்விடும். பேக்கிங் இல்லாமல் பசை மட்டுமே போடுகிற கவர் என்றால் மெல்லிய ஒரே கோடு போதும்.

7. எல்லா போல்ட்டையும் விரலால் விட்டு, இறுக்குவதற்கு முன் பக்கவாட்டில் பாருங்கள். எல்லாத் தலையும் கவருக்கு மேல் ஒரே உயரம் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் அது இடம் மாறிய போல்ட்.

8. பிறகு நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். முதல் சுற்றில் தலை கவரைத் தொட்டால் போதும். இரண்டாவதில் பாதி அளவு. மூன்றாவதில் முழு அளவு. கையேட்டில் வரிசை எண் இருந்தால் அதுவே முறை.

டார்க் ரெஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. சக்கர அச்சுக்குப் போடுகிற பெரிய ரெஞ்ச் இதற்கு உதவாது. 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரையுள்ள சின்ன ரெஞ்ச் வேண்டும். நிதானமாய் இழுத்து, 'கிளிக்' கேட்டதும் நிறுத்துங்கள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு கிளிக் போடாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் தளர்த்தி வையுங்கள். அதற்குள் இருப்பதும் ஸ்பிரிங்தான். பழைய கையேடுகளில் அளவு கிலோகிராம் மீட்டரில் இருக்கும். அதில் 1 என்றால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். அலகை மாற்றிப் படித்தால் பத்து மடங்கு வித்தியாசம்!

ரெஞ்ச் இல்லாதவர்கள் சின்ன ஸ்பேனரை எடுத்து, கைப்பிடியின் நுனியைப் பிடிக்காமல் கழுத்துப் பக்கம் பிடித்து, விரல் பலத்தில் இறுக்குங்கள். தோள் பலம் வேண்டாம். இது ரெஞ்ச்சுக்கு ஈடு ஆகாது. ஆனால் ஆபத்தைக் குறைக்கும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

நான்கு வருஷம் நாம் போல்ட் இணைப்புகளைப் பற்றிப் பரிட்சையில் பக்கம் பக்கமாக எழுதினோம். 10 நியூட்டன் மீட்டர் என்பது கைக்கு எப்படி இருக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரிந்தது? இந்தக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் பலருக்குச் சங்கடமாக இருக்கும், அதனால் கேட்கவில்லை!

என் விண்ணப்பம் இதுதான். நம் தொகுப்பு மாணவர்கள் சேர்ந்து நான்கு சின்ன டார்க் ரெஞ்ச்சுகளைக் கல்லூரிப் பட்டறைக்குத் தருகிறோம். கழித்துக் கட்டிய என்ஜின்களும் கவர்களும் காயலான் கடையில் கிடைக்கும். அவற்றைச் சங்கம் வாங்கித் தரட்டும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கவரைக் கழற்றிப் போடட்டும். ஒரு போல்ட்டை வேண்டுமென்றே முறியும் வரை இறுக்கிப் பார்க்கட்டும். முறிவதற்குச் சற்று முன்னால் ஸ்பேனர் திடீரென்று 'மெத்' என்று ஆகும். போல்ட் ஸ்பிரிங்காக இருப்பதை விட்டுவிட்டு நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த 'மெத்'தை ஒரு தடவை கையால் அறிந்தவர், பிறத்தியார் வண்டியில் அந்த இடத்துக்குப் போகமாட்டார். காயலான் கடைக் கவரில் போகிற போல்ட்டுக்கு விலை சொற்பம். அடுத்தவர் பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டியில் போனால் அப்படி இல்லை.

மின்சார வண்டி வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று சில தம்பிகள் நினைக்கலாம். மோட்டார் மூடியும், மின்கலப் பெட்டி மூடியும் போல்ட்டுகளால்தான் பிடிக்கப்படுகின்றன. அங்கே எண்ணெய் வெளியே வராமல் காப்பதற்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே போகாமல் காக்க வேண்டும். விளிம்பும், சீலும், சீரான இழுவையும் அங்கேயும் அதே கணக்குதான்.

 சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறையில் ஒரு பழைய கிளச் கவரும் ரெஞ்ச்சும் வைத்திருக்கிறேன். விருப்பம் உள்ளவர்கள் வந்து கை வைத்துப் பார்க்கலாம்.